கசிவும் கவனமும்

அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே விமானம் கட்டி, அதில் ஏறிப் பறக்கலாம். சட்டம் தடுக்காது. வேலையின் பெரும்பகுதியை, பேச்சு வழக்கில் 51 சதவீதத்தை, அமெச்சூர்கள் செய்திருக்க வேண்டும். தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். சட்ட வாசகமே அப்படித்தான் போகிறது. கல்வி எங்கே முடிந்து பொழுதுபோக்கு எங்கே தொடங்குகிறது என்று அது வரையறுக்கவில்லை.

விமானத்தில் ஏறும் வாயிலருகே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று குறைந்தது இரண்டு அங்குல உயரத்தில் எழுதியிருக்க வேண்டும். உள்ளே பயணியின் கண்ணில் படும்படி ஒரு தகடு: இது அமெச்சூர் கட்டிய விமானம், வழக்கமான விமானங்களுக்கான பாதுகாப்பு விதிகளை இது நிறைவு செய்யவில்லை. படித்துவிட்டு ஏற விரும்புகிறவர் ஏறலாம். இவ்வளவு வெளிப்படையான அறிவிப்பை வேறெந்த வாகனத்திலும் நான் கண்டதில்லை. அறிவித்தவுடன் பொறுப்பு கைமாறிவிடுகிறது என்பது அதன் மறுபக்கம்.

சான்று தருவதற்காக வரும் அதிகாரி, கட்டி முடித்த விமானத்தைத்தான் பார்க்கிறார். கட்டியவரின் குறிப்பேட்டைப் புரட்டுவார், புகைப்படங்களைப் பார்ப்பார், மூடிகளைக் கழற்றச் சொல்லி டார்ச் அடிப்பார். ஆனால் ஒரு நட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் ஒருவர்தான். அவர் அதை என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், சாப்பிட வரச்சொல்லி வீட்டிலிருந்து குரல் வந்த நேரத்தில் இறுக்கியிருக்கலாம்.

அப்படி இறுக்கப்படும் பொருள்களில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். எரிபொருள் குழாயை இணைக்கும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீல நிற எல்போ. அலுமினியம், நீலம் அதன்மேல் ஏற்றிய அனோடைஸ் பூச்சு. ஏஎன் 822 என்று எண். ஏஎன் என்பது ஆர்மி, நேவி; அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த பழைய தரநிலை. எல்போவின் இரண்டு வாயிலும் மரை உண்டு. புதிதாகப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஒரு வாயின் மரை நுனியை நோக்கிச் சரிந்து குறுகுகிறது. 16 அங்குல நீளத்துக்கு விட்டத்தில் ஓர் அங்குலம் குறையும் சரிவு. இது பைப் மரை. திருகத் திருக உள்ளே போய் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மரையின் முகட்டுக்கும் எதிர்மரையின் பள்ளத்துக்கும் நடுவே மெல்லிய சுருள் வழி ஒன்று மிஞ்சும். பெட்ரோலுக்கு அது போதும். அதனால் இந்த வாய்க்கு சீலன்ட் தேவை. எரிபொருளில் கரையாத வகையைத் தேர்ந்து, ஆண் மரையில் மட்டும், முதல் சுற்று மரையை வெறுமையாக விட்டு, குறைவாகத் தடவ வேண்டும்.

மறு வாயில் மரை சரிவதில்லை. அதன் நுனியில் வழவழப்பான ஒரு கூம்பு இருக்கிறது. குழாயின் விளிம்பை 37 டிகிரி விரித்து, அந்தக் கூம்பின்மேல் உட்காரவைத்து, பின்னாலிருந்து ஒரு ஸ்லீவும் நட்டும் அழுத்துகின்றன. மிருதுவான அலுமினியக் குழாயின் விரிந்த வாய் கூம்போடு ஒட்டி அமர்ந்து, உலோகத்தை உலோகமே அடைக்கிறது. மரைக்கு இங்கே அழுத்தும் வேலை மட்டும்தான். எரிபொருள் மரையை எட்டுவதே கிடையாது. எட்டிவிட்டால் அந்த இணைப்பு ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று பொருள். ஆகவே இந்த வாய்க்கு சீலன்டும் வேண்டாம், டேப்பும் வேண்டாம். எதுவுமே வேண்டாம்.

இந்த ‘எதுவுமே வேண்டாம்’ என்பதைத்தான் கட்டுகிறவர்களால் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. மூவாயிரம் அடி உயரத்தில் தன்னையும் தன் மனைவியையும் சுமக்கப்போகிற குழாயை வெறும் உலோகத்தின் நேர்மையை நம்பி விட்டுவிடுவதா? கொஞ்சம் பசை தடவினால் என்ன குறைந்துவிடும்? பைப் மரைக்குத் திறந்த டியூப் பக்கத்திலேயே கிடக்கிறது. விரலும் ஏற்கெனவே அழுக்காகிவிட்டது.

குறைவது இதுதான். பசை முதலில் கூம்புக்கும் விரிந்த வாய்க்கும் இடையே புகுந்து, ஒட்டி அமர வேண்டிய இரண்டையும் பிரித்து வைக்கிறது. விரித்தபோது விழுந்த கீறலையோ, வெட்டியபின் அராவி எடுக்காத பிசிரையோ மூடி மறைக்கிறது. பசை இல்லாவிட்டால் அந்தக் கீறல் அன்றைக்கே கசிந்து காட்டியிருக்கும். குழாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரித்திருப்பார். இப்போது கசியவில்லை. வேலை முடிந்தது என்று அடுத்த இணைப்புக்குப் போகிறார்.

டேப் இன்னும் மோசம். நம் ஊர்க் குழாய்க்காரர் வெள்ளை டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றித் திருகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது தண்ணீர்க் குழாய். இழை பிய்ந்தால் ஷவரின் துளையில் போய் நிற்கும். கழற்றித் தரையில் இரண்டு தட்டு தட்டினால் சரியாகிவிடும். விமானத்தில் பிய்ந்த இழை கார்புரேட்டரின் ஊசி வால்வில் போய் நிற்கும், அல்லது இன்ஜெக்டரின் மயிரிழைத் துவாரத்தில். அங்கே கழற்றித் தட்ட ஆள் கிடையாது. வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். வடிகட்டிக்கு அப்பாலும் இணைப்புகள் இருக்கின்றன. அங்கே பிய்வதை யார் வடிகட்டுவது? சீலன்ட் தேவைப்படும் பைப் மரையில்கூட டேப்பை விவரம் தெரிந்தவர்கள் ஒதுக்குவது இதனால்தான். சிலிக்கோன் பசையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பெட்ரோல் பட்டால் ஊறி, உப்பி, துண்டு துண்டாகப் பெயரும்.

கசிவு வெளியே இருந்தால் கண்ணில் படும். சிறிய விமானங்களில் பரவலாகப் பயன்படும் 100எல்எல் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். ஒரு நட்டின் ஓரத்தில் கசிந்து காய்ந்தால் அங்கே நீலக் கறை படியும். மூக்குக்கு வாடை, கண்ணுக்குக் கறை: கசிகிற இணைப்பு தன் குற்றத்தைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. பிய்ந்த பசைத் துணுக்கு அப்படி ஒன்றும் எழுதித் தராது. அது குழாய்க்குள் தன்பாட்டுக்கு நகரும். அளவுக்கு மீறிய கவனம் இங்கே செய்த காரியம், பார்க்க முடிந்த ஓர் ஆபத்தை எடுத்துப் பார்க்க முடியாத இடத்தில் வைத்தது.

கசிவு எல்லாமே இப்படி ஒப்புக்கொள்ளும் என்று நம்பிவிடவும் கூடாது. இறக்கை கீழே இருக்கும் விமானங்களில் தொட்டி என்ஜினைவிடத் தாழ்வாக இருக்கும். எரிபொருளைப் பம்ப் உறிஞ்சி எடுக்க வேண்டும். தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள குழாயில், என்ஜின் ஓடும்போது, அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அந்தப் பகுதியில் ஓர் இணைப்பு தளர்ந்திருந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும். சொட்டு விழாது, கறை படியாது. ஷெட்டில் நிற்கும்போது விரலால் தடவிப் பார்த்தால் உலர்ந்திருக்கும். மேலே போனபின் என்ஜின் இருமும். எங்கே கோளாறு என்று பறந்துகொண்டே தேடுகிறவர் பம்பைச் சந்தேகிப்பார், கார்புரேட்டரைச் சந்தேகிப்பார். உலர்ந்து பளபளக்கும் அந்த நட்டைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பார்.

இனி இறுக்கம். முக்கால் பங்கு விபரீதம் இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். எட்டில் மூன்று அங்குல அலுமினியக் குழாயின் நட்டுக்கு, அமெரிக்க விமானத் துறையின் பராமரிப்புக் கையேடு 75 முதல் 125 அங்குல-பவுண்டு முறுக்கு விசை சொல்கிறது. எட்டு அங்குல நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் இது சுமார் நாலேகால் கிலோவிலிருந்து ஏழு கிலோ வரையிலான அழுத்தம். மணிக்கட்டு வேலை, தோளுக்கு இதில் இடமில்லை. ஆனால் மனிதக் கைக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று ஒரு பழக்கம் இருக்கிறது. லேசாகக் கசிந்தால் இன்னும் கொஞ்சம். கசியாவிட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம். இரண்டு ஸ்பேனர் போட்டு, ஒன்றால் எல்போவைப் பிடித்து மற்றதால் நட்டைத் திருப்ப வேண்டும் என்பதை மறந்து, ஒன்றையே போட்டு முழுக் குழாயையும் முறுக்குகிறவர்களும் உண்டு. விரித்த வாய் ஸ்லீவுக்கும் கூம்புக்கும் நடுவே நசுங்கி மெலிகிறது. மெலிந்த இடத்தில், என்ஜினின் நடுக்கம் நூறு மணி நேரமோ இருநூறு மணி நேரமோ வேலை செய்தபின், வளையமாக ஒரு விரிசல். இறுக்கிய அன்று அந்த இணைப்புதான் விமானத்திலேயே உறுதியானதாகத் தெரிந்திருக்கும்.

கோணத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. மோட்டார் வாகனக் கடையில் கிடைக்கும் ஃபிளேர் கருவி குழாயை 45 டிகிரிக்கு விரிக்கும், விமானத்துக்கு 37. எட்டு டிகிரி வித்தியாசம் வெறுங்கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. போதாக்குறைக்குக் கால் அங்குலக் குழாய்க்கு இரண்டு முறையிலும் மரை ஒன்றே. கார்க் கடையின் எல்போ விமான நட்டுக்குள் எந்தத் தடையும் சொல்லாமல் ஏறும், இறுகும், சில நாள் கசியாமலும் இருக்கும். கூம்பும் குழாய் வாயும் முழுப் பரப்பில் அமராமல், ஒரே கோட்டில் முட்டிக்கொண்டிருக்கும். பொருந்தாத இரண்டு பொருள் பொருந்த மறுத்தால் பிழைத்தோம். மறுக்காமல் பொருந்துவதுதான் ஆபத்து.

பைப் மரை எல்போவுக்கு வேறொரு சோதனை உண்டு. அது இறுகி நிற்கும்போது மறு வாய் குழாய் வரும் திசையைப் பார்த்தாக வேண்டும். இறுகிய இடத்தில் வாய் பத்து டிகிரி தாண்டிப் போய்விட்டால் பின்னுக்குத் திருப்பக் கூடாது. திருப்பினால் அடைப்பு உடையும். முன்னால் இன்னொரு முழுச் சுற்று போகலாம். போனால் வார்ப்புப் பம்பின் உடல் வெடிக்கலாம். முறையான வழி, கழற்றிச் சுத்தம் செய்து வேறொரு எல்போவைப் போட்டுப் பார்ப்பது. அதற்குக் கடை திறந்திருக்க வேண்டும், பொறுமையும் மிச்சமிருக்க வேண்டும். பத்தே டிகிரி பின்னுக்குத் திருப்பிவிட்டு மேலே கொஞ்சம் பசை பூசிய இணைப்புகள் எத்தனை பறந்துகொண்டிருக்கின்றனவோ.

இவ்வளவும் ஒரு நட்டைப் பற்றிய பேச்சு. பயம் ஒரு நட்டோடு நிற்பதில்லை என்பதற்கு 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் நடந்த விமான விபத்து சாட்சி. பாடகர் ஜான் டென்வர் அன்று ஓட்டிய விமானம் லாங்-ஈஸி. பர்ட் ருட்டான் வடிவமைத்தது. வரைபடத்தை வாங்கி, நுரைப் பலகையும் கண்ணாடியிழையும் கொண்டு வீட்டில் கட்டிக்கொள்வது. என்ஜின் பின்னால். தொட்டிகள் இடமும் வலமும். எந்தத் தொட்டியிலிருந்து எடுப்பது என்பதை ஒரு வால்வு முடிவு செய்யும். ருட்டானின் வரைபடத்தில் அந்த வால்வு விமானியின் இரண்டு கால்களுக்கு நடுவே இருக்கிறது. அதாவது தொட்டியிலிருந்து பெட்ரோல் முன்னால் வந்து, வால்வைக் கடந்து, மறுபடி பின்னால் என்ஜினுக்குப் போக வேண்டும். குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் விமானி உட்காரும் அறைக்குள்ளேயே.

டென்வரின் விமானத்தைக் கட்டியவர் வேறொருவர். அவருக்கு இது பிடிக்கவில்லை. உட்காருமிடத்தில் எரிபொருள் இருக்கக் கூடாது என்று நினைத்தார். நியாயமான நினைப்பு, கசியும் ஓர் இணைப்பைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பறக்க யார் விரும்புவார்? வால்வை எடுத்து, இருக்கைக்குப் பின்னுள்ள தடுப்பில், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்தார். அறைக்குள் கசிவு என்ற பேச்சே முடிந்தது.

டென்வர் அந்த விமானத்தைப் பழையதாக வாங்கிச் சொற்ப நேரமே ஆகியிருந்தது. வால்வின் கைப்பிடி திருப்பக் கடினமாக இருந்தது; பிடித்துத் திருப்ப ஒரு லாக்கிங் பிளையர் இருந்தது. எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் அவர் இருக்கைக்குப் பின்னால், அளவுக்குறி எதுவும் இல்லாமல். புறப்படுமுன் பராமரிப்பாளர் ஒருவர் அவற்றைப் பார்க்க ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். பெட்ரோல் நிரப்பவா என்ற கேள்விக்கு, ஒரு மணி நேரம்போலத்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த இருக்கையில் அமர்ந்து, உடலைத் திருப்பி, இடது தோளுக்குப் பின்னால் கையை நீட்டினால், உடல் சாயாமலிருக்க வலது கால் தானாக முன்னால் ஊன்றுகிறது. ஊன்றும் இடத்தில், விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் வலது ரட்டர் பெடல் இருக்கிறது.

வால்வைத் திருப்பும் முயற்சியில் கவனம் சிதறி, அறியாமல் ரட்டரை அழுத்தியதால் விமானம் கட்டுப்பாடிழந்தது என்பதே வாரியத்தின் முடிவு. கட்டியவர் வால்வைக் குறியிடாமல், எட்டாத இடத்தில் வைத்ததையும், டென்வர் அந்த விமானத்துக்குப் பழகப் போதிய பயிற்சி பெறாததையும் காரணங்களோடு சேர்த்தது. அந்த விமானத்தில் இணைப்பு எதுவும் கசிந்ததாக அறிக்கை சொல்லவில்லை. கட்டியவர் அஞ்சியது நடக்கவே இல்லை. அந்த அளவில் அவர் வேலை வெற்றிதான்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அலட்சியமாக இருந்தவர் அல்லர், யோசித்தவர். கூம்பின்மேல் பசை தடவுகிறவரும் யோசிக்கிறவர்தான். இருவருமே தாங்கள் கண்டு பயந்த ஆபத்தை ஒழித்ததாக நம்பினார்கள். அது வேறிடத்துக்குக் குடிபெயர்ந்ததை யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. வடிவமைப்பாளர் காலிடுக்கில் வால்வை வைத்தபோது, ஆபத்தைக் கண்ணெதிரே, கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது மேல் என்று ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும். வரைபடத்தில் கோடு இருக்கும், கணக்கு எழுதியிருக்காது. மாற்றுகிறவர் கோட்டை மட்டும் மாற்றுகிறார்.

2012-இல் அதே வாரியம் வீட்டுக்கட்டு விமானங்களைப் பற்றித் தனியாக ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவின் தனியார் சிறு விமானங்களில் இவை அப்போது ஏறக்குறைய 10 சதவீதம். 2011-இல் விபத்துகளில் 15 சதவீதம், உயிர்ப்பலி விபத்துகளில் 21 சதவீதம் இவற்றுடையவை. என்ஜின் ஆற்றல் இழப்பும், பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பும் முன்னணிக் காரணங்கள். எனக்கு உறுத்தியது வேறொரு தகவல்: ஆய்வுக்கு எடுத்த விபத்துகளில் பாதிக்கு மேல், கட்டியவரிடமிருந்து பிறர் வாங்கிய விமானங்களுடையவை. கல்விக்காகக் கட்டினார் என்று சட்டம் சொல்கிற ஆள் படித்து முடித்துவிட்டார். நோட்டுப் புத்தகத்தை விற்றுவிட்டார். வாங்கியவருக்குக் கையெழுத்து புரியவில்லை.

எரிபொருள் அமைப்பு முழுவதையும் தரையிலேயே ஓட்டிச் சோதித்து, அந்த அறிக்கையைக் காட்டிய பிறகே சான்று தர வேண்டும் என்று வாரியம் அந்த ஆய்வில் பரிந்துரைத்தது. சோதனை கடினமானதல்ல. விமானத்தின் மூக்கை அது ஏறக்கூடிய அதிகபட்சக் கோணத்துக்குத் தூக்கி நிறுத்தி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி, அளவுப் பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து, நேரம் பார்க்க வேண்டும். தானாக இறங்கும் அமைப்பென்றால் முழு வேகத்தில் என்ஜின் குடிப்பதில் 150 சதவீதம் வர வேண்டும். பம்ப் என்றால் 125. உள்ளே கிழிந்து வழியை அடைத்துக் கிடக்கும் டேப்பை இந்த எண் காட்டிக்கொடுக்கும். காற்று உறிஞ்சும் இணைப்பையும் சில நேரம் காட்டிவிடும். ஓட்டத்தைத் தடுப்பது எதுவானாலும் அந்தப் பாத்திரத்தை ஏமாற்ற முடியாது.

கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1953-இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன், அனுபவமுள்ள தன்னார்வலர்களைக் கட்டும் இடத்துக்கே அனுப்பிப் பார்க்கச் செய்கிறது. மூடி போடுமுன் அழைப்பதில்தான் பயன். வந்தவர் நட்டின்மேல் விரல் வைத்து, ‘இதில் என்ன தடவினீர்கள்?’ என்று கேட்டால் கோபப்படாமல் கழற்றிக் காட்ட வேண்டும். அதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் கிடையாது.

பிறர் கட்டியதை வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விலை பேசுமுன் என்ஜினை ஓட்டிக் காட்டச் சொல்வீர்கள், வண்ணத்தைப் பார்ப்பீர்கள், குறிப்பேட்டைப் புரட்டுவீர்கள். அவற்றோடு, இருக்கையில் அமர்ந்து, பெல்ட்டை முழுதும் இறுக்கி, கால்களைப் பெடலில் வைத்து, எரிபொருள் வால்வை இடமிருந்து வலமாக ஒரு முறை திருப்பிப் பாருங்கள். பெடல் அசைந்தால் அந்த வால்வை மாற்றாமல் அந்த விமானத்தில் பறக்காதீர்கள்.